லோ ஜாயிண்ட்

308 மில்லிமீட்டர். பள்ளிக்கூடத்தில் வைத்திருந்தோமே, ஒரு அடி ஸ்கேல், அதைவிட மூன்று மில்லிமீட்டர் அதிகம். அந்த நீளத்தில் ஒரு மரப்பெட்டி செய்து, அதன்மேல் ஆண்டிபட்டி ரயில் நிலையத்தைக் கட்ட எனக்கு ஒன்றரை வருடம் ஆனது. எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையின் பாதி அந்த ஒன்றரை வருடமும் பசை, பஞ்சு, பெயிண்ட் டப்பாக்களால் நிறைந்திருந்தது. மீதிப் பாதியில் மூன்று பேர் சாப்பிட்டோம். 'உங்க ஊர்ல நெஜமா ஸ்டேஷன் கட்டுறதுக்கே இவ்வளவு நாள் ஆகியிருக்காது' என்றாள் மனைவி.

மாதிரி ரயில் என்றால் ஒரு பணக்காரத் தாத்தாவின் நிலவறையில், சுவரோடு சுவராக, அசைக்க முடியாதபடி இருக்கும் ஒன்று என்றுதான் நினைத்திருந்தேன். 2020 ஜனவரியில் அலுவலக நண்பர் ஒருவர் மாசசூசெட்ஸின் வெஸ்ட் ஸ்ப்ரிங்ஃபீல்டில் நடக்கும் ரயில் கண்காட்சிக்கு இழுத்துக்கொண்டு போனார். ஒவ்வொரு வருடமும் ஜனவரி இறுதியில், மாட்டுச்சந்தை மைதானம் போன்ற ஒரு பெரிய பொருட்காட்சித் திடலில், பல கட்டடங்களை நிறைத்து நடப்பது அது. வெளியே பனி. உள்ளே ஆயிரக்கணக்கான ஜனம், நனைந்த கம்பளிக் கோட்டு வாசனை, பாப்கார்ன் வாசனை, இவற்றுக்கு நடுவே இடுப்பளவு உயரத்தில் ரயில்கள்.

ஒரு பக்கம் நின்று பார்த்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. ஒரு பாலைவனம் திடீரென்று முடிந்து, அடுத்த கோடு தாண்டியதும் பனி விழுந்த கிராமம். அதற்கடுத்து டோக்கியோவின் நெரிசலான ஒரு தெரு. பிறகு ஒரு பேஸ்பால் மைதானம். எல்லாவற்றின் ஊடாகவும் ஒரே ரயில் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. ஒவ்வொரு துண்டும் வேறு வேறு ஆளுடையது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் கார் டிக்கியில் வந்து இறங்குகிறது. இரண்டு மூன்று மணி நேரத்தில் கோர்த்துவிடுகிறார்கள். ஞாயிறு மாலை கழற்றி, அவரவர் பெட்டியை அவரவர் தூக்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். திங்கட்கிழமை அந்த ரயில் பாதை உலகத்தில் எங்கும் இல்லை.

அமெரிக்கா வந்து ஏழு வருடத்தில் ஐந்து வாடகை வீடு மாறியிருந்த எனக்கு அந்த ஏற்பாடு ரொம்பப் பிடித்துப்போனது.

*

முன்பின் தெரியாதவர்கள் தனித்தனியாகச் செய்த துண்டுகள் எப்படி ஒன்றோடொன்று பொருந்துகின்றன? ஒப்பந்தம்தான். 1970களில் கலிஃபோர்னியாவில் சிலர் கூடி என்-ட்ராக் என்றொரு முறையை வகுத்தார்கள். இரண்டடிக்கு நான்கடி பலகை, முன்பக்கம் மூன்று தண்டவாளங்கள், தரையிலிருந்து 40 அங்குல உயரம். இதைப் பின்பற்றிச் செய்த எந்தப் பலகையும் இதைப் பின்பற்றிய இன்னொன்றோடு சேரும். ஐரோப்பாவில் ஃப்ரெமோ, பிறகு அமெரிக்காவில் ஃப்ரீ-மோ. இவை இன்னும் தாராளமானவை. பலகையின் இரண்டு முனைகள் மட்டும் சொன்னபடி இருக்க வேண்டும், நடுவே அது எவ்வளவு நீளமாகவும் வளைந்தும் போகலாம், உன் இஷ்டம்.

எனக்கு வாய்த்தது டி-ட்ராக். ஜப்பானில் தோன்றியது. சின்ன வீட்டுக்காரர்கள் யோசித்தது என்று பார்த்தாலே தெரியும். கால் கிடையாது, எந்த மேசை மேலும் வைக்கலாம். கேட்டோ என்ற ஜப்பானிய நிறுவனத்தின் யூனிட்ராக் தண்டவாளம்தான் அதன் உயிர். ஜல்லி போட்டது போன்ற பிளாஸ்டிக் மேடையோடு சேர்ந்தே வரும், முனைகள் 'டக்'கென்று ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். ஒரு மாட்யூலுக்கு 248 மில்லிமீட்டர் துண்டு ஒன்று, 62 மில்லிமீட்டர் துண்டு ஒன்று, ஆக மொத்தம் 310. இதுபோல இரண்டு பாதைகள், 33 மில்லிமீட்டர் இடைவெளியில்.

தண்டவாளம் 310, பெட்டி 308. ஏன் என்று கிளப்பில் சேர்ந்த முதல் நாள் கேட்டேன். கிளப்பை நடத்துபவர் ஓய்வுபெற்ற கணித ஆசிரியை, எழுபதைத் தாண்டியவர். இரண்டு பெட்டிகளை எடுத்து மேசையில் வைத்து, சேர்த்துக் காட்டினார். தண்டவாளங்கள் கவ்விக்கொண்டன. பெட்டிகளுக்கு நடுவே ஒரு நூல் நுழையும் சந்து இருந்தது. பக்கத்துக்கு ஒரு மில்லிமீட்டர்.

"மரம் மரத்தை இடித்தால் தண்டவாளம் சேராது. மரம் கொஞ்சம் ஒதுங்கி நிற்க வேண்டும்" என்றார்.

மென்பொருள்காரனுக்கு இதைக் கேட்டதும் என்ன தோன்றும் என்று சொல்லத் தேவையில்லை. இன்டர்ஃபேஸ் என்ற வார்த்தை நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. ஆனால் கிளப்பில் பாதிப் பேர் என் தொழில்காரர்கள்தான். அந்த ஒப்புமை அங்கே ஏற்கெனவே புளித்துப்போன ஜோக். போகப் போக அது அவ்வளவு சரியில்லை என்றும் தெரிந்தது. ஒருமுறை எழுதிவைத்த இன்டர்ஃபேஸ் மழைக்காலத்தில் ஊறாது, குளிர்காலத்தில் ஹீட்டர் போட்டால் வளையாது. மரம் இரண்டையும் செய்யும்.

*

எதைக் கட்டுவது என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. மதுரை–போடி மீட்டர் கேஜ் பாதையில் ஆண்டிபட்டி. நான் வளர்ந்தது அங்கே ரயில்வே குவார்ட்டர்ஸில். உசிலம்பட்டி தாண்டி, கணவாயில் ஏறி இறங்கி, இரண்டு பக்கமும் மலை தெரிய வண்டி வந்து நிற்கும். மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து, ஒரு வேப்பமரம், ஒரு சிமெண்ட் பெஞ்சு. 2010 டிசம்பர் 31ஆம் தேதியோடு அந்தப் பாதையை மூடி, தண்டவாளத்தைப் பெயர்த்து எடுத்தார்கள். நாடு முழுக்க ஒரே அகலத்தில் பாதை வேண்டும் என்று 1992இல் தொடங்கிய யூனிகேஜ் திட்டத்தின் ஒரு பகுதி. ஒரு வருடம், ஒன்றரை வருடம் என்று பேசிக்கொண்டார்கள். தேனி வரை பிராட் கேஜ் வண்டி வந்தது 2022 மே மாதம்.

சிக்கல் உடனே வந்தது. டி-ட்ராக்கின் பாதை 9 மில்லிமீட்டர் அகலம். 1:160 அளவில் அது நிஜத்தில் 1440 மில்லிமீட்டர். அமெரிக்காவின், ஐரோப்பாவின் 1435க்கு மிக நெருக்கம். நம்முடைய பிராட் கேஜ் 1676, மீட்டர் கேஜ் 1000. அதாவது என் ஊரில் இருந்த பாதையும் இல்லை, இப்போது இருக்கும் பாதையும் இல்லை, என் ஊருக்கு வரவே வராத ஒரு பாதையைத்தான் நான் ஆண்டிபட்டியில் போட வேண்டும். அதிலும் இரண்டு. எங்கள் ஊரில் இருந்தது ஒற்றைப் பாதை.

பல வாரம் யோசித்துவிட்டு, முன்பக்க இரண்டு பாதையையும் ஊருக்குப் பொது என்று விட்டுவிட்டேன். அவற்றின் பின்னால், நிலையத்தை ஒட்டி, இஸட் அளவின் 6.5 மில்லிமீட்டர் பாதை ஒன்றைப் போட்டேன். 160ஆல் பெருக்கினால் 1040. நாற்பது மில்லிமீட்டர் கூடுதல். கண்ணுக்குத் தெரியாது. அது பெட்டியின் இடது விளிம்பில் தொடங்கி வலது விளிம்பில் முடியும். எதோடும் சேராது. அதில் வண்டி ஓடாது.

அந்தப் பாதையில் ஒரு மனிதனை நிறுத்தினேன். என் அப்பா ஐந்தடி ஆறங்குலம், 1:160இல் பத்தரை மில்லிமீட்டர். ஜெர்மனியில் செய்யும் ரயில் தொழிலாளி பொம்மை ஒன்று கடையில் கிடைத்தது, ஆரஞ்சு நிற மேல்சட்டையோடு. அதைச் சுரண்டிவிட்டு மங்கிய நீலம் பூசினேன். கையில் சுத்தியல்.

*

அப்பா கீமேன்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ரயில் பாதையைப் பராமரிக்கும் கேங்கில் ஒருவர் மட்டும் தினமும் தனியாக நடப்பார். அவருக்கென்று ஒரு எல்லை உண்டு, சுமார் ஆறு கிலோமீட்டர். போகும்போது ஒரு பக்கத் தண்டவாளம், வரும்போது மறுபக்கம். தளர்ந்த சாவிகளைச் சுத்தியலால் அடித்து இறுக்க வேண்டும். இரும்பு ஸ்லீப்பரோடு தண்டவாளத்தைப் பிடித்துவைக்கும் ஆப்புகளுக்குத்தான் சாவி என்று பெயர். இணைப்புகளில் ஃபிஷ் பிளேட் போல்ட்டுகளை முடுக்க வேண்டும். விரிசல் கண்டால் வண்டியை நிறுத்த வேண்டும். தோளில் ஸ்பானர், சுத்தியல், சிவப்பும் பச்சையுமாகக் கொடி, ஆபத்தென்றால் தண்டவாளத்தின் மேல் வைக்கும் வெடி.

மீட்டர் கேஜில் ஒரு தண்டவாளத்தின் நீளம் 12 மீட்டர். ஆறு கிலோமீட்டருக்குப் பக்கத்துக்கு 500 இணைப்பு, இரண்டு பக்கமும் சேர்த்து ஆயிரம். ஒவ்வொன்றிலும் நான்கு போல்ட். இந்தக் கணக்கை நான் போட்டது முப்பத்து நான்கு வயதில், மாட்யூலுக்காக ஸ்கேல் கணக்குப் பார்த்தபோது. அதுவரை அப்பா 'நடந்துட்டு வர்றார்' என்பதற்குமேல் நான் யோசித்ததில்லை.

யோசித்ததில்லை என்பதும் முழு உண்மையில்லை.

கல்லூரி விடுதியில் சேர்ந்த முதல் வாரம். அறையில் நான்கு பேர். ஒருவனின் அப்பா வங்கி மேலாளர், ஒருவனுக்கு டாக்டர், ஒருவனுக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனி. என் முறை வந்தபோது, "ரயில்வேல, இன்ஜினியரிங் டிபார்ட்மெண்ட்" என்றேன். அதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை. பாதைப் பராமரிப்பு இன்ஜினியரிங் துறையில்தான் வருகிறது, கீமேனும் அந்தத் துறையின் ஊழியர்தான். அவர்கள் இன்ஜினியர் என்று புரிந்துகொண்டார்கள். நான் திருத்தவில்லை. நான்கு வருடம் திருத்தவில்லை.

இரண்டாம் வருடம் எனக்கு அம்மை போட்டபோது என்னை அழைத்துப்போக அப்பா வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, வெயிலில் கறுத்துக் காய்ந்த கழுத்து. அறை நண்பன் நாற்காலியைத் தட்டிப் போட்டுவிட்டு மரியாதையாகக் கேட்டான், "அங்கிள், நீங்க ரயில்வேல இன்ஜினியர்தான?"

அப்பா என்னைப் பார்த்தார். ஒரு நொடிகூட இருக்காது.

"ஆமாப்பா. இன்ஜினியரிங் டிபார்ட்மெண்ட்தான்" என்றார்.

பேருந்தில் ஊர் வரும்வரை அதைப் பற்றி அவர் பேசவில்லை. வேப்பிலையை மடியில் வைத்துக்கொண்டு சன்னல் பக்கம் என்னை உட்காரச் சொன்னார். அதற்குப் பிறகும் பேசியதில்லை. நானும்தான்.

*

2023 ஜனவரியில், பக்கத்து ஊர்ப் பள்ளியின் உள்ளரங்கத்தில் நடந்த ஒரு சின்னக் கண்காட்சியில் ஆண்டிபட்டி முதன்முதலாகக் கோர்க்கப்பட்டது. முந்தைய இரவு ரசமட்டம் வைத்து நான்கு மூலைத் திருகுகளையும் திருகி, குமிழி நட்டநடுவில் நிற்கும்வரை சரிபார்த்திருந்தேன். மின்சார ஒயர்களையும் நான்கு முறை. முன்னாலிருந்து நீலம், வெள்ளை, வெள்ளை, நீலம். ஒருவர் மாற்றிச் செருகினால் மொத்த வளையமும் நின்றுவிடும்.

முதல் வண்டி என் பெட்டியில் ஏறியது. எஞ்சின் போனது. ஆறு பெட்டிகள் போயின. ஏழாவது பெட்டி இடது விளிம்பு இணைப்பில் துள்ளி, பக்கத்துப் பாதையில் சாய்ந்தது. எதிரே வந்த வண்டி அதில் மோதியது. முன்னால் நின்ற குழந்தைகள் சந்தோஷமாகக் கத்தினார்கள். மறுபடி ஏற்றினோம். அதே இடம். யூனிஜாய்னரை மாற்றினோம். அதே இடம். வேறு வண்டி விட்டோம். நாலு சுற்று ஒழுங்காகப் போய் ஐந்தாவதில் அதே இடம். ரசமட்டம் மட்டமாகத்தான் இருந்தது. நான் அதை மறுபடி மறுபடி எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருந்தேன்.

பத்தரை மணிக்கு ஆசிரியை என் தோளைத் தொட்டு, "இதை எடுத்துவிடலாமா?" என்றார்.

டி-ட்ராக் வளையத்தில் ஒரு மாட்யூலை மட்டும் எடுக்க முடியாது. நீள்சதுரத்தின் எதிரெதிர்ப் பக்கங்கள் ஒரே நீளம் இருந்தாக வேண்டும். இந்தப் பக்கம் ஒன்றை உருவினால் அந்தப் பக்கமும் ஒன்றை உருவ வேண்டும். எதிர்வரிசையில் ஒற்றை மாட்யூலாக இருந்தது ஒரு பன்னிரண்டு வயதுப் பையனுடைய பேஸ்பால் மைதானம். மற்றவையெல்லாம் இரட்டை நீளம், அல்லது ஒரு தொகுதியின் நடுத்துண்டு. அவனுக்கும் அது முதல் கண்காட்சி. பாட்டியைக் கூட்டி வந்திருந்தான். ஆசிரியை அவனிடம் குனிந்து ஏதோ சொன்னார். அவன் தலையாட்டிவிட்டு, மைதானத்தைக் கழற்றி, ஷூ பெட்டியில் வைத்து, மேசைக்கடியில் தள்ளினான். என்னை ஒருமுறை பார்த்தான். கோபமில்லை. கோபப்பட்டிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

ஆண்டிபட்டி நான்கு மாதம் அலமாரியில் கிடந்தது.

*

மே மாதம் அப்பாவும் அம்மாவும் வந்தார்கள். ஆறு மாத விசா. பேத்தியோடு விளையாடுவது, பூங்காவைச் சுற்றுவது, யூடியூப். இரண்டாவது வாரமே அப்பாவுக்கு அலுத்துவிட்டது. காலை ஐந்துக்கு எழுந்து ஆறு கிலோமீட்டர் நடந்துவிட்டு வருவார். சரியாக ஆறு, போனில் பார்த்திருக்கிறேன். நடைபாதை இல்லாத சாலையிலும் ஓரமாக நடப்பார் என்பதால் அக்கம்பக்கத்தில் இரண்டு பேர் கார் நிறுத்தி உதவி வேண்டுமா என்று கேட்டிருக்கிறார்கள்.

ஜூன் நடுவில், போடிக்குப் பிராட் கேஜ் வண்டி வந்துவிட்டது என்று சித்தப்பா வீடியோ அனுப்பினார். மாலை போட்ட எஞ்சின், கூட்டம், விசில். அப்பா அதை நாலைந்து முறை பார்த்தார். பன்னிரண்டு வருடம் காத்திருந்த வண்டி, இவர் இல்லாத நேரம் பார்த்து வந்திருக்கிறது. ஏதோ ஒரு உந்துதலில் அலமாரியிலிருந்து பெட்டியை எடுத்து அவர் முன்னால் வைத்தேன்.

ஒன்றரை வருடம் பாடுபட்ட ஸ்டேஷன் கட்டடத்தை அவர் பார்க்கவே இல்லை. வேப்பமரத்தையும் பார்க்கவில்லை. நீலச் சட்டைப் பொம்மையைப் பார்த்தாரா என்று இன்றுவரை தெரியாது. கண்ணாடியைக் கழற்றிவிட்டு, நாற்காலியைப் பின்னால் தள்ளி, மண்டியிட்டு, கன்னத்தை மேசைமேல் வைத்தார். ஒரு கண்ணை மூடினார். தண்டவாளத்தின் நுனியிலிருந்து மறுநுனி வரை, அதன் மேல்பரப்போடு ஒட்டிப் பார்த்தார். சின்ன வயதில் அவருக்குச் சோறு கொண்டுபோனபோது இந்த நிலையில் அவரைப் பல முறை பார்த்திருக்கிறேன், நிஜத் தண்டவாளத்தின்மேல், காதைச் சுடும் வெயிலில்.

"லோ ஜாயிண்ட்டு" என்றார்.

"என்னப்பா?"

"இந்த நுனி தாழ்ந்து கெடக்குய்யா. இங்க வண்டி விழுமே?"

நான் ரசமட்டத்தை எடுத்து வந்து காட்டினேன். இதோ பாருங்கள், மட்டம்.

"பொட்டி மட்டமா இருக்கு. ரயிலு மட்டமா இல்லையே. வண்டி பொட்டி மேலயா போகுது?"

பிரித்துப் பார்த்தபோது காரணம் தெரிந்தது. அந்த மூலையில் பெயிண்ட் கொட்டி, அதைச் சுரண்டுகிறேன் பேர்வழி என்று பிளைவுட்டை உப்புத்தாளால் கூடுதலாகத் தேய்த்திருக்கிறேன். தண்டவாளத்தை ஒட்டியபோது கடைசி ஒரு அங்குலம் அந்தப் பள்ளத்துக்குள் இழுபட்டிருக்கிறது. எவ்வளவு என்று அளந்தேன். அரை மில்லிமீட்டர். அப்பாவுக்குப் புரியட்டும் என்று நிஜ அளவுக்குப் பெருக்கிச் சொன்னேன். எண்பது மில்லிமீட்டர்.

"மூணு அங்குலமா! மூணு அங்குலம் லோ ஜாயிண்ட்ட விட்டுட்டு வந்தேன்னா என்னைய அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிருப்பாங்க" என்று சிரித்தார். அமெரிக்கா வந்து அப்படிச் சிரித்தது அதுதான் முதல் தடவை.

"இப்ப என்னப்பா பண்றது?"

"என்ன பண்றது, பேக்கிங்தான்."

நிஜப் பாதையில் தாழ்ந்த இணைப்பைத் தூக்கி, ஸ்லீப்பருக்கு அடியில் ஜல்லியைக் குத்தித் திணிப்பதற்குப் பெயர் அது. இங்கே நான் கத்தி நுனியால் பசையை அறுத்தேன். அப்பா மேசைமேல் கிடந்த அட்டைகளை ஒவ்வொன்றாக விரலுக்கிடையில் உருட்டிப் பார்த்து, தன் பாஸ்போர்ட் உறைக்குள் இருந்த மதுரை–சென்னை போர்டிங் பாஸைத் தேர்ந்தெடுத்தார். அதிலிருந்து நகம் அளவுக்கு இரண்டு துண்டு வெட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக அடியில் நுழைத்தார். கன்னத்தை வைத்துப் பார்த்தார். ஒன்றை உருவினார். பாதியாகக் கிழித்து மறுபடி நுழைத்தார். அரை மணி நேரம். பிறகு ஒட்டச் சொன்னார்.

அன்று மத்தியானம் முழுக்க இணைப்புகளைப் பற்றிப் பேசினார். வெயிலில் தண்டவாளம் நீளும், அதனால் இரண்டுக்கும் நடுவே சந்து விட்டுத்தான் போடுவார்கள். (பிறகு கணக்குப் போட்டேன்: 12 மீட்டர் இரும்பு, முப்பது டிகிரி சூடு ஏறினால் நான்கு மில்லிமீட்டர் நீளும்.) சந்தே இல்லாமல் போட்டால் கோடையில் பாம்பு மாதிரி நெளியும். சந்து அதிகமானால் சக்கரம் அடித்து அடித்து நுனி நசுங்கும். போல்ட்டை ரொம்ப முடுக்கவும் கூடாது, தண்டவாளம் அசைய இடம் வேண்டும். "முடுக்கணும், ஆனா கட்டிப்போடக் கூடாது" என்றார். பாதை கெடுவது எப்போதும் இணைப்பில்தான், நடுவில் இல்லை. நான் டி-ட்ராக்கின் அந்த ஒரு மில்லிமீட்டர் கதையைச் சொன்னேன். 'அது தெரிஞ்சவன் பண்ணிருக்கான்' என்பதோடு முடித்துக்கொண்டார்.

*

செப்டம்பரில் அதே பள்ளி அரங்கத்தில் மறுபடி கண்காட்சி. அப்பாவை அழைத்துப் போனேன். பேஸ்பால் பையன் ஒரு அடி வளர்ந்திருந்தான். இந்த முறை என் பெட்டிக்கு அடுத்ததாகத் தன்னுடையதை வைக்கட்டுமா என்று ஆசிரியையிடம் அவனே கேட்டான். என்மேல் நம்பிக்கையா, இல்லை எடுத்தால் ஒரே பக்கம் எடுக்கட்டும் என்ற கணக்கா, தெரியாது.

வண்டி ஏறியது. ஏழாவது பெட்டி. எட்டு, ஒன்பது. பத்து சுற்று வரை என் மூச்சு ஒழுங்காக இல்லை. பிறகு மறந்துபோனது.

ஆசிரியை வந்து அப்பாவுக்குக் கை கொடுத்தார். என் பக்கம் திரும்பி, "உன் அப்பாவும் ரயில்வேயில்தான் என்று சொன்னாயே, இன்ஜினியரா?" என்றார்.

அமெரிக்காவில் ரயில்வே இன்ஜினியர் என்றால் வண்டி ஓட்டுபவர். அவர் அதைத்தான் கேட்டார். ஆனால் பதினேழு வருடத்துக்கு முந்தைய விடுதி அறையின் நாற்காலிதான் எனக்குக் கண்ணில் வந்தது. அப்பாவுக்கும் அந்த ஒரு ஆங்கில வார்த்தை புரிந்திருக்க வேண்டும். அவர் என்னைப் பார்க்கவில்லை. ஓடும் வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லை. கீமேன்" என்றேன்.

அப்பா திரும்பினார். நான் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே போனேன். தினமும் ஆறு கிலோமீட்டர், முப்பது வருடத்துக்குமேல், ஆயிரம் இணைப்பு, கையில் சுத்தியல். இன்ஜினியர் இல்லை, பாதையில் நடக்கிறவர். பையனின் பாட்டி, இன்னும் இரண்டு பேர் வந்து சேர்ந்துகொண்டார்கள். என் குரல் தேவைக்குமேல் சத்தமாக இருந்தது என்று பிறகு மனைவி சொன்னாள்.

ஆசிரியை கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. பிறகு நேராக அப்பாவிடமே கையால் வளையத்தைச் சுற்றிக் காட்டி, மேசையைத் தட்டி, கண்ணைச் சுட்டினார். பார்க்கிறீர்களா?

அப்பா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நடக்க ஆரம்பித்தார். ஒவ்வொரு இணைப்பிலும் நின்று, குனிந்து, ஒரு கண்ணை மூடினார். பையன் அவர் பின்னாலேயே போனான். இரண்டு இடத்தில் அப்பா விரலை வைத்தார். ஒன்று ஆசிரியையுடைய மாட்யூல். பையன் கீழே புகுந்து திருகைத் திருக, அப்பா கட்டை விரலால் 'இன்னும்', 'இன்னும்', 'போதும்' என்றார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது, அவனுக்குத் தமிழ் தெரியாது. முக்கால் மணி நேரம் ஆனது. அந்த முக்கால் மணியும் ஆண்டிபட்டிக்குப் பக்கத்தில் நின்று, நீலச் சட்டைப் பொம்மையைப் பார்ப்பதும் அவரைப் பார்ப்பதுமாக இருந்தேன்.

ஞாயிறு மாலை எல்லாவற்றையும் கழற்றினோம். பெட்டியை அவர்தான் மடியில் வைத்துக்கொண்டார். காரில் விடுதி விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும் என்று வாக்கியத்தைத் தயார்செய்துகொண்டே ஓட்டினேன். "அப்பா, அன்னைக்கு ஹாஸ்டல்ல" என்று ஆரம்பித்தேன்.

"அந்தச் சின்னப்பய செஞ்சுருக்கான் பாரு ஒரு கிரவுண்டு" என்றார் அப்பா. "புல்லெல்லாம் அப்பிடியே இருக்குய்யா. அது எப்பிடிப் போடுறது?"

மின்சாரத்தால் நாரை நிமிர்த்தி ஒட்டும் முறையை வீடு வரும்வரை விளக்கினேன்.

*

நவம்பரில் ஊருக்குப் போனதும் அவர் செய்த முதல் காரியம், தேனியில் ஏறிப் போடி வரை போய்வந்தது. போனில் எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"நல்லா இருக்கு. பளபளன்னு. ஆனா சத்தமே இல்லய்யா. எல்லாத்தையும் வெல்டிங் பண்ணிட்டாங்க, ஜாயிண்ட்டே கெடையாது. ஒக்காந்த எடத்துல தூக்கம் வந்துருச்சு."

அது புகாரா பாராட்டா என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை.

வர்ற ஜனவரியில் அடுத்த கண்காட்சி. இப்போதெல்லாம் ரசமட்டத்தைப் பெட்டிமேல் வைப்பதில்லை. கோர்த்து முடித்ததும் எல்லோரும் காப்பி குடிக்கப் போகும் நேரம் பார்த்து, மண்டியிட்டு, கன்னத்தை மேசைமேல் வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொள்கிறேன். எனக்கு இன்னும் ஒன்றும் சரியாகத் தெரிவதில்லை. பழக வேண்டும்.